உலகம்மா, சாப்பிட்டியா?

உக்காருங்க தம்பி. பையை என் காலுக்குக் கீழ தள்ளிக்கிடுங்க, பரவால்ல. தென்காசிதானே? நானும் தென்காசிதான். பேசிட்டே போனா நேரம் போறது தெரியாது. பேசாம போனாத்தான் ஆலங்குளம் வரதுக்குள்ள வயசாயிரும்.

நான் அதிகம் பேசுத ஆளு கெடயாது, கேட்டுக்கிடுங்க. தாலுகா ஆபீசுல முப்பது வருஷம், ரிக்கார்டு செக்‌ஷன். அங்க போயி பிச்சையாங்கிற என் பேரைச் சொன்னா, "யாரு, அந்தப் பேசாமடந்தையா?"ன்னுதான் கேப்பான். இப்ப ஒரு நாலு மாசமாத்தான் இப்படி. டீக்கடையில, பஸ்ஸுல, முடிவெட்டுத கடையில, யாரு கெடச்சாலும் பிடிச்சு வச்சுப் பேசிக்கிடுதேன். வீட்ல போயி யார்கிட்டப் பேச?

எங்க வீட்ல பேய் இருந்துச்சு.

சிரிக்காதீங்க. இருந்துச்சுன்னுதான் சொல்லுதேன், இருக்குன்னு சொல்லல. ஓட்டியாச்சு. ஓட்டுனதுலதான் எல்லாம் போச்சு. அதைச் சொல்லணும்னா மொதல்ல எங்க வீட்டுக்காரியைப் பத்திச் சொல்லணும்.

மல்லிகா. சுரண்டைக்காரி. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். மல்லிகாங்கிறது நான் வச்ச பேரு. பொறந்த வீட்ல அவளுக்கு உலகம்மான்னு பேரு. எங்கம்மா பேரும் உலகம்மா. பெத்த தாய் பேரைச் சொல்லி, "ஏட்டி, தண்ணி கொண்டா"ன்னு பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுதது? எங்க பக்கத்துல மாமியா பேரும் மருமக பேரும் ஒண்ணா இருந்தா மருமக பேரை மாத்திருவாங்க. பத்திரிகை அடிக்கும்போதே மாத்தியாச்சு. ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட்டு எல்லாம் நானே எழுதிக் குடுத்து மல்லிகான்னு ஆக்கிட்டேன். ஆபீஸ்லயே இருக்கேம்லா. அவகிட்டக் கேட்டீங்களான்னு கேப்பீங்க. கேக்கதுக்கு என்ன இருக்கு, நல்ல பேருதானே?

ஒரு நாளும் அவளைக் கை நீட்டி அடிச்சதில்ல தம்பி. இதை நீங்க எழுதி வச்சுக்கிடலாம். எங்க தெருவுல குடிச்சிட்டு வந்து மிதிக்கவன் இருக்கான், சந்தேகப்பட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போறவன் இருக்கான். நான் ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. கோவம் வந்தா பேச மாட்டேன். அவ்வளவுதான். எங்கப்பாவும் அப்படித்தான். அவுக எங்கம்மாகிட்ட ஆறு வருஷம் பேசல. என்ன காரணம்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அம்மா பாட்டுக்கு ஆக்கிப் போட்டா, அவுக பாட்டுக்குச் சாப்பிட்டாக. வீடு அமைதியா இருக்கும்.

நான் ஆறு வருஷமெல்லாம் போனதில்ல. ஒரு மாசம், மூணு மாசம். ஏதாவது சொல்லணும்னா தினசரி காலண்டர் தாளைக் கிழிப்போம்லா, அதுக்குப் பின்னால எழுதி அடுக்களை மேடையில வச்சிருவேன். 'நாளை கத்திரிக்காய் வேண்டாம்.' 'உப்பு.' 'சட்டைப் பொத்தான்.' கையெழுத்து என்னுது முத்து முத்தா இருக்கும். அவங்கப்பாவுக்கு முடியலன்னு ஆள் வந்தப்ப நான் பேசாம இருந்த நேரம். அதுக்காக நான் தடுத்தேனா? 'போகலாம். திரும்பி வர அவசரம் இல்லை'ன்னு எழுதி வச்சேன். அவ என்ன நெனச்சாளோ, போகல. அவரு தவறிட்டாரு. போயிருக்கலாம்லா? நான்தான் போகலாம்னு எழுதியிருக்கேனே.

பிள்ளை இல்ல எங்களுக்கு. அதுக்கும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கி அவ அழுதுகிட்டே இருந்தா, நான் பேப்பரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வேற ஆம்பளைன்னா என்னென்ன பேசியிருப்பான்!

பெரிசாப் பேசாம இருந்தது ஒரே ஒரு தடவை. பதினோரு மாசம். எங்க தங்கச்சி செல்லக்கனி மக சடங்குல, தங்கச்சி மாப்பிள்ளை கந்தையா எல்லாரையும் உக்கார வச்சுக் கதை சொல்லுதாரு. ஆபீஸ்ல கலெக்டர் வந்தப்ப நான் வணக்கம் போடப் போயி ஸ்டூல் தட்டி விழுந்தேன்லா, அந்தக் கதை. எல்லாரும் சிரிச்சாங்க. அது சரி. மல்லிகாவும் சிரிச்சா. சும்மா இல்ல, தலையைப் பின்னால போட்டு, சத்தமா, விக்கி விக்கிச் சிரிச்சா. அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட இருக்குன்னே அன்னைக்கித்தான் எனக்குத் தெரியும். பத்துப் பேருக்கு முன்னால புருஷனைப் பாத்துச் சிரிச்சா எவன் தாங்குவான்? வீட்டுக்கு வந்தேன், வாயை மூடினேன். பதினோரு மாசம். அதுக்கப்புறம் அவ சிரிக்கல. திருந்திட்டா.

அந்தப் பதினோரு மாசத்துலதான் அம்மா தவறினா. சாவு வீட்லயும் நான் மல்லிகாகிட்டப் பேசல, சீட்டுத்தான் குடுத்தேன். பெறகு பேசினேன், பெறகு நிறுத்தினேன், அது நம்ம வீட்டு வழக்கம். பேய் வந்தது அதுக்கு அடுத்த வருஷம் ஆனி மாசம். அப்பவும் பேசாம இருந்த நேரம்தான். என்ன காரணம்னு இப்ப ஞாபகமில்ல.

ஆபீஸ்ல கரண்டு இல்லன்னு மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன். செருப்பைக் கழட்டுதேன், அடுக்களைக்குள்ள பேச்சுச் சத்தம். ரெண்டு பேரு பேசுத மாதிரி.

"உலகம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு உலகம்மா. நீ வச்சா நல்லாத்தானே இருக்கும்."

ஒத்தைச் செருப்போட அப்படியே நின்னுட்டேன். ஒண்ணு மல்லிகா குரலு. இன்னொண்ணும் அவ குரலு மாதிரிதான், ஆனா சின்னக் குரலு, கல்யாணமாகாத பிள்ளை பேசுத மாதிரி. சன்னல் வழியா எட்டிப் பாக்கேன். மல்லிகா தரையில உக்காந்திருக்கா. அவளுக்கு முன்னால ஒரு டம்ளர் காப்பி. எதிர்த்தாப்புல இன்னொரு டம்ளர் காப்பி. அங்க ஆளு இல்ல.

எங்கம்மாதான் தம்பி. அடுக்களையிலயே கெடந்து செத்தவ அவ. உப்பு கூடிட்டா குறைஞ்சிட்டான்னு உயிரை விடுவா. ஆறு வருஷம் அப்பா பேசாம, பேச ஆளில்லாம, அந்தக் குறையோட போயிட்டாளே, அவ ஆத்மா எப்படி அடங்கும்? பத்து நாள் தொடர்ந்து லீவு போட்டுட்டு வந்து பாத்தேன். பத்து நாளும் அதே பேச்சு. "உலகம்மா, இந்தச் சேலை உனக்கு எடுப்பா இருக்கு." "உலகம்மா, கால் வலி எப்படி இருக்கு?" மாமியாளைப் பேர் சொல்லிக் கூப்பிடுதாளேன்னு ஒரு பக்கம் கோவம். பேய் பிடிச்சவளுக்கு மரியாதை தெரியுமா, பாவம்.

ஆடி மாசம், ஒரு செவ்வாக்கிழமை, கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஊரு பேரு எதுக்கு, நம்மூருக்குப் பக்கந்தான். அவரு உடுக்கை அடிச்சு, வேப்பிலையால தண்ணி தெளிச்சு, "யாரு நீ? பேரைச் சொல்லு"ன்னு கேக்காரு. மல்லிகா வாயே திறக்கல. ஒரு மணி நேரம் அடிக்காரு. வேர்த்து ஊத்துது அவருக்கு. கடைசியில தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா.

"உலகம்மா."

"உனக்கு என்ன வேணும்? சேலை வேணுமா, கோழி வேணுமா, படையல் வேணுமா?"

"எங்கூட யாராவது பேசணும்."

அதைக் கேட்டதும் நான் "அம்மா"ன்னு அலறிக்கிட்டு அவ கால்ல விழுந்துட்டேன். அது எங்கம்மா குறைதானே! வேற யாருக்கு இருக்கும் அந்தக் குறை? நான் அழுதேன் தம்பி. அப்பா செத்தப்பக்கூட அழாதவன். "நான் பேசுதேம்மா, இனிமே நான் பேசுதேன்"னு சொல்லிச் சொல்லி அழுதேன். அவ கையைத் தூக்குனா, கொஞ்ச நேரம் அந்தரத்துலயே வச்சிருந்தா, பெறகு என் தலையில வச்சா.

அன்னையில இருந்து மூணு மாசம். ஆடி, ஆவணி, புரட்டாசி. என் வாழ்க்கையிலயே அந்த மூணு மாசந்தான். சாயங்காலம் ஆபீஸ் விட்டா டீக்கடைக்குக்கூடப் போகாம ஓடி வருவேன். கை கால் அலம்பிட்டு அடுக்களையில அவளுக்கு எதிர்த்தாப்புல உக்காருவேன். "அம்மா, சாப்பிட்டியா?"ம்பேன். "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியாப்பா?"ம்பா. ஆபீஸ் கதையெல்லாம் சொல்லுவேன். எந்த பைல் காணாமப் போச்சு, எவன் எவனைப் போட்டுக் குடுத்தான், எல்லாம். "பெறகு?"ன்னு கேப்பா. அந்த ஒரு வார்த்தையை யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல தம்பி. ஒரு நாள் அந்த ஸ்டூல் தட்டி விழுந்த கதையை நானே சொன்னேன். வாயைப் பொத்திக்கிட்டா. தோளு மட்டும் குலுங்குச்சு, சத்தம் வரல.

மல்லிகாகிட்டப் பேசினீங்களான்னு கேக்கீங்களா? இல்ல. அவ மேல இருந்த கோவம் அப்படியேதான் இருந்துச்சு. அம்மாகிட்டப் பேசி முடிச்சிட்டு, அங்கயே உக்காந்து தாள்ல எழுதி அவ கையில குடுப்பேன், 'நாளை ரசம் போதும்'னு. அம்மாவுக்குப் பேச்சு, மல்லிகாவுக்குச் சீட்டு. ரெண்டையும் நான் குழப்பிக்கிடல.

ஒரு தடவை அம்மா ஆசைப்பட்டுக் கேட்டா, "குத்தாலத்துல சீசனாமே, கூட்டிட்டுப் போவியாப்பா?"ன்னு. தென்காசியில இருந்து மூணு மைலு. மல்லிகாவும் இருபத்தேழு வருஷத்துல பாத்ததில்ல, அது வேற விஷயம். அம்மா கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? கூட்டிட்டுப் போனேன். அருவிக்குக் கீழ நின்னா நின்னா, அப்படி நின்னா. வெளிய வரச் சொன்னா வரல. வந்தப்ப கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. அழுதாளா, தண்ணியாலயான்னு தெரியல. நான் மொளகா பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன்.

தீவாளிக்கு செல்லக்கனியும் மாப்பிள்ளையும் வந்தாங்க. நான் அடுக்களையில உக்காந்து மல்லிகாவை "அம்மா அம்மா"ங்கதைப் பாத்துட்டுத் தங்கச்சி நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "செத்தவளை வீட்ல வச்சுச் சோறு போட்டா குடும்பம் விளங்குமா அண்ணாச்சி? அவளை அனுப்பி வைங்க, அவ போற எடத்துக்குப் போகட்டும்"னா. மாப்பிள்ளை ஒரு மாதிரியா என்னைப் பாத்துட்டு, "மச்சான், அக்காவுக்கும் பொறந்த வீட்ல அதே பேருதானே?"ன்னாரு. அவருக்கு எப்பவும் கேலிதான். நான் சொன்னேன், "மாப்பிள்ளை, அந்தப் பேரை ரிக்கார்டுல இருந்தே எடுத்தாச்சு. ரிக்கார்டுல இல்லாத ஆளு எப்படி வந்து பேசும்?"

எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா தங்கச்சி சொன்னது நியாயமாப் பட்டுச்சு. அம்மாவுக்கு மோட்சம் வேண்டாமா? கோடாங்கிகிட்ட நாள் குறிச்சிட்டு வந்தேன். அன்னைக்கிச் சாயங்காலம் மல்லிகா எங்கிட்ட வந்து நின்னா. அவளாவே பேசினா.

"அத்தையை அனுப்ப வேண்டாங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கும் பேச ஆளாச்சு."

நான் தாளை எடுத்து 'முடிவு செய்தாச்சு'ன்னு எழுதி நீட்டினேன். அவ அதை வாங்கி, நாலா மடிச்சு, இடுப்புல சொருகிக்கிட்டா.

ஊருக்கு வெளிய ஒரு புளியமரம். பேயை எறக்கி அதுல அறையுத மரம். முன்னால வந்து ஓட்டிட்டுப் போனவங்க முடியும் ஆணியுமாத் தொங்கும். உச்சி வெயிலு. கோடாங்கி மல்லிகா உச்சி முடியில ஒரு கொத்தைப் பிடிச்சு மரத்தோட வச்சுக்கிட்டு, "போறியா?"ன்னு கேக்காரு. "போறியா, இல்லியா?" அவ என்னையே பாக்கா. அப்ப எங்கம்மா குரல்ல, இல்ல, அந்தச் சின்னக் குரல்ல கேட்டா.

"நான் போகவாப்பா?"

வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னைக்கி வரைக்கும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பேசாம இருந்து பழகின வாய் தம்பி, வேணும்ங்கிறப்ப வார்த்தை வரல. தலையை மட்டும் ஆட்டினேன். "போறேன்"னா. ஆணியை அடிச்சாரு, முடியை அறுத்தாரு.

பேய் போயிருச்சு. சுத்தமாப் போயிருச்சு. மறுநாள் லீவு போட்டுட்டு மூணு மணிக்கு அடுக்களைக்கு வெளிய போயி நின்னேன். ஒரு சத்தம் இல்ல. மல்லிகா தரையில உக்காந்திருக்கா. ஒரே டம்ளரு. அதுவும் ஆறிப்போயி ஆடை படிஞ்சு கெடக்கு. நான் மெதுவா, "அம்மா, சாப்பிட்டியா?"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, அம்மா நெசமாவே போயிட்டான்னு.

எட்டாம் நாள் ஆபீஸ் விட்டு வரேன், மல்லிகாவும் இல்ல. சேலை எடுக்கல, நகை எடுக்கல. பெட்டிக்கு அடியில அவ பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட் ஒண்ணு கெடந்துச்சு, அதை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா. நாப்பத்தெட்டு வயசுல அதை வச்சு என்ன செய்யப் போறா சொல்லுங்க? சுரண்டைக்குப் போனேன். அவ அண்ணன் கதவை முழுசாத் திறக்காமயே, "இங்க வரல"ன்னுட்டான்.

இப்ப வீட்ல நான் ஒத்தையில கெடக்கேன். பேய் இருந்தப்பப் பயம் இல்ல தம்பி, இப்பத்தான் பயமா இருக்கு. அடுக்களைக்குப் போனா காது அடைக்குது. ரெண்டு டம்ளர்ல காப்பி போட்டு வச்சுக்கிட்டு நானே, "மல்லிகா, சாப்பிட்டியா?"ன்னு கேட்டுப் பாத்தேன். ஒரு நாள் இல்ல, நாலு மாசமாக் கேக்கேன். பதில் வரல. அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு தெரியல.

போன வாரம் ஒருத்தரு சொன்னாரு, பாளையங்கோட்டையில பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல் ஒண்ணுல, சமையல்ல அவளைப் பாத்த மாதிரி இருந்துச்சுன்னு. அதான் இன்னைக்கிப் போனேன். சும்மா போகல. இந்தா பாருங்க, சட்டைப் பையில. தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். 'வீட்டுக்கு வரலாம்.' பாருங்க, அடியில கோடுகூடப் போட்டிருக்கேன். உலகத்துல எந்தப் புருஷன் இப்படி எறங்கி வருவான்?

கேட்ல வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னான். மல்லிகான்னேன். "அப்படி யாரும் இல்லையேய்யா. சமையல்ல ரெண்டே பேருதான். ஒண்ணு பாத்திமாக்கா, இன்னொண்ணு புதுசா வந்த உலகம்மாக்கா. உலகம்மாக்காவைக் கூப்பிடவா?"ன்னான்.

அம்மா பேரு, பாருங்க. எங்க போனாலும் வருது. "வேண்டாம்ப்பா, அது எங்கம்மா பேரு. நான் தேடி வந்தது எங்க வீட்டுக்காரியை"ன்னேன். ஆனாலும் காலு நகரல. அங்கயே நிக்கேன். உள்ள சாப்பாட்டு நேரம் முடிஞ்சு பாத்திரம் கழுவுத சத்தம். யாரோ ஒரு பொம்பளை உள்ள இருந்து, "உலகம்மா, நீ சாப்பிட்டியா இல்லியா?"ன்னு கேக்கா. இன்னொரு பொம்பளை என்னமோ பதில் சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. சத்தமா, விக்கி விக்கி, மூச்சு வாங்க. கழுவுத பாத்திரம் கீழ விழுந்து உருளுது, அதுக்கும் சேத்துச் சிரிக்கா. அந்தச் சிரிப்பை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. வெயில்ல பத்து நிமிஷம் நின்னு யோசிச்சேன், எங்கன்னு பிடிபடல.

ஆனா ஒண்ணு நிச்சயமாத் தெரிஞ்சு போச்சு, அங்க மல்லிகா இல்ல. அவ அப்படிச் சிரிக்க மாட்டா தம்பி. இருபத்தேழு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவன், எனக்குத் தெரியாதா? அதான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுட்டேன்.

பாவூர்சத்திரம் தாண்டிருச்சு போலயே. என்ன தம்பி, அப்படிப் பாக்கீங்க? ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா? சொல்லுங்க, கோவிச்சுக்கிட மாட்டேன்.

தம்பி. ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்க தம்பி.